நூற்றைம்பத்தொன்றால் வகுபடும்

மார்ச் 4, செவ்வாய்

மன்னிக்கணும், இவ்வளவு பிந்தி எழுத உட்கார்ந்ததற்கு. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்தத் தாளிடமா? குட்டிக்குப் பல் முளைக்கிறது. ஈறு வீங்கி, எதைக் கொடுத்தாலும் கடித்துத் துப்புகிறாள். இப்போதுதான் கண் அசந்தாள். மூச்சு விடுகிறாளா என்று குனிந்து குனிந்து பார்த்தாயிற்று. விடுகிறாள்.

எழுத வந்தது அதையல்ல.

இவர் பட்டறையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் ஆரம்பித்தார். "பெரிய ஆர்டர் வந்திருக்கு. ஒரு காலேஜ் புதுக் கட்டடம், முன் சுவர். பத்து எண்ணு. ஒவ்வொண்ணும் என் இடுப்பு உசரம். முழுக்க எவர்சில்வர்."

எந்தக் கல்லூரி என்றேன். பதில் வரத் தாமதமானபோதே தெரிந்துவிட்டது.

"உன் பழைய காலேஜ்தான். கணக்குத் துறைக்குக் கட்டியிருக்காங்களாம். நீ வேணாம்னா விட்டுடறேன், சொல்லு."

கடைக்கும் பல் மருத்துவருக்கும் பெயர்ப்பலகை செய்தே இத்தனை வருடம் ஓட்டியவர். முதல்முறையாக ஊரே அண்ணாந்து பார்க்கிற வேலை. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? "என்ன எண்ணாம்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏதோ பகா எண்ணாம். ஒண்ணும் அதுவும் தவிர எதாலயும் வகுபடாதாம். உங்க ஹெச்.ஓ.டி. எனக்கு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தாருன்னா பாத்துக்கோ. நான் உன் வீட்டுக்காரன்னு அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது."

எப்படித் தெரியும்? மூன்று வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். உன் கணவர் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தாளை நீட்டினார்.

3215031751.

குட்டி வயிற்றில் இருந்தபோது உதைத்த அதே இடத்தில் ஏதோ உதைத்தது. "நல்ல எண்ணுங்க," என்றேன்.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்க அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே துணி மடித்தேன். முந்நூற்று இருபத்தொரு கோடியே ஐம்பது லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று.

அது பகா எண் இல்லை.

எனக்கு அதைத் தெரியும், கூடப் பிறந்ததைத் தெரிகிற மாதிரி. 151, 751, 28351. இந்த மூன்றையும் பெருக்கினால் அது. மூன்றும் 51-இல் முடிகின்றன, அதுவும் 51-இல் முடிகிறது. இன்னொரு வேடிக்கை: மூன்றிலும் ஒன்றைக் கழித்தால் 150, 750, 28350. பெரிய எண்ணில் ஒன்றைக் கழித்துப் பார், இந்த மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். அதனால்தான் அதற்கு அவ்வளவு நடிப்பு வருகிறது. பகா எண் போலவே நடை, பகா எண் போலவே உடை.

பெரிய எண் பகா எண்தானா என்று பார்க்க, யாரும் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருப்பதில்லை. 2, 3, 5, 7 என்று நான்கு பரிசோதகர்களை அனுப்பி ஆளுக்கொரு கேள்வி கேட்கச் சொல்வோம். உண்மையான பகா எண் நான்கு பேரிடமும் சரியாகப் பதில் சொல்லும். மற்றவை எங்காவது உளறும். இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி வரைக்கும் நான்கு பேரையும் ஏமாற்றிவிட்டு வருகிற பொய்யன் ஒரே ஒருவன்தான். இவன்தான். ஐந்தாவதாகப் பதினொன்றை அனுப்பியிருந்தால் மாட்டியிருப்பான்.

மாணவர்களின் ஆய்வகக் கையேட்டுக்காக இவனைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். பயிற்சி 4: நான்கு கேள்வி கேட்கும் நிரலை எழுதுங்கள், கீழே உள்ள இருபது எண்களும் அதில் தேறும். பயிற்சி 5: இந்த இருபதில் ஒன்று பகா எண் அல்ல, சோதனையை நம்பாமல், பழையபடி வகுத்துக் கண்டுபிடியுங்கள். முதல் வருடம் அதைக் கண்டுபிடித்த பெண் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். கற்றுக்கொடுப்பது என்றால் எனக்கு அந்தக் கத்தல்தான்.

பிறகு நான் மாசமானேன். விடுப்புக் கேட்டு முற்றுப்புள்ளியின் அறைக்குப் போனேன். (எந்தப் பேச்சையும் "அவ்வளவுதான்" என்று முடிப்பதால் மாணவர்கள் துறைத்தலைவருக்கு வைத்த பெயர்.) அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தற்காலிக வேலைக்கு ஏதும்மா விடுப்பு? பிள்ளைய வளக்குறதும் ஒரு வேலைதானே. வீட்ல நிம்மதியா கூட்டல் கழித்தல் சொல்லிக்குடு. அவ்வளவுதான்."

நான் பிரசவ வார்டில் கிடந்தபோது கையேடு புத்தகமாக வந்தது, அவர் பெயரில். பக்கம் குறைக்கப் பயிற்சி 5-ஐ வெட்டிவிட்டார். இருபது எண்களுக்கு மேலே "பகா எண்கள்" என்று அவராகவே தலைப்பும் போட்டுக்கொண்டார்.

புதுக் கட்டடத்தின் கதவு எண் 1751-ஆம். திருடின பட்டியலில் 1751-இல் முடிகிற எண்ணைக் கண்டதும் மனிதருக்குப் புல்லரித்திருக்கும். சுவரில் ஏற்றிவிடலாம் என்று தோன்றியிருக்கும்.

ஏற்றட்டும்.

மார்ச் 7, வெள்ளி

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நொடி அங்கே போன் போட்டு "சார், எண்ணு தப்பாம்" என்பார். இவர் சுபாவம் அப்படி.

மார்ச் 10, திங்கள்

பயமாக இருக்கிறது. மாட்டிக்கொள்வேன் என்றல்ல, அவர் தப்பித்துவிடுவார் என்று. யாராவது கைபேசியில் தட்டிப் பார்த்தால் போதும். ஒரு சின்னப் பையன் வேலையற்றுப்போய் வகுத்துப் பார்த்தால் போதும். முப்பத்தாறாவது பகா எண்ணிலேயே உடைந்துவிடும்!

வானொலி அக்காவுக்குப் போன் செய்தேன். இயற்பியல் துறை, கல்லூரியில் எது நடந்தாலும் அவளிடம் ஒலிபரப்பாகும். சுற்றிவளைத்துத்தான் கேட்டேன்.

"ஏண்டி, உனக்கு இன்னும் அந்த ஆள் நினைப்புதானா? இங்க ஒரே அலப்பறை. காபி குடிக்கப் போனா எண்ணு, கை கழுவப் போனா எண்ணு. 'நூறுக்குள்ள இருக்கிற எல்லாத்தாலயும் வகுத்துட்டேன், நிரல்லயும் போட்டுட்டேன்'னு ஒரே பீத்தல்."

"வேற யாரும் சரிபார்க்கலையாக்கா?"

"அவர் சொன்னதைச் சரிபார்க்கவா? எவளுக்கு வேலை போகணும்?"

நூறுக்குள் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் 151. சோம்பேறி. போனை வைத்துவிட்டுக் குட்டியைத் தூக்கிச் சுற்றினேன். அவள் என் தோளில் பாலைக் கக்கினாள்.

மார்ச் 14, வெள்ளி

பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். ஒன்றுகள் மூன்றும் சுவரில் சாய்ந்து நின்றன. இவர் சுழியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்வளைவில் பற்றவைத்த தடம் தெரியக் கூடாதாம். கிரைண்டரை ஓரம் வைத்துவிட்டுக் கையாலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"அந்த உசரத்துல யாருக்குங்க தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே." குட்டியைச் சுழியத்துக்குள் உட்காரவைத்தார். அவள் இரண்டு பக்கமும் தன் முகத்தைப் பார்த்து மலைத்துப்போனாள். "கணக்குப் பாட்டி! உங்கம்மா படிப்பும் எங்க கைவேலையும் ஒண்ணா சேர்ந்திருக்குடி இதுல!"

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முற்றுப்புள்ளியின் குனிந்த தலையை நினைத்தேன், விழுங்கிவிட்டேன்.

இவருக்கு என்ன கெடுதல்? கொடுத்த எண்ணை வெட்டுகிறார். எண் தப்பென்றால் கொடுத்தவன் பாடு.

மார்ச் 19, புதன்

குட்டிக்குக் காய்ச்சல். நெற்றி கொதிக்கிறது. எனக்குக் கிடைக்கிற தண்டனையோ என்று ஒரு கிறுக்கு எண்ணம். மருத்துவர் "பல்லும்மா, வெறும் பல்லு" என்று சிரித்தார். தண்டனை என்றால் முற்றுப்புள்ளிக்குத்தானே வரணும்? எனக்கு ஏன்?

மார்ச் 21, வெள்ளி

ஏற்றிவிட்டார்கள். எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். வெயில் பட்டு, பத்து இலக்கமும் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. அவ்வளவு அழகான பொய்யை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 24, திங்கள்

எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி.

திறப்பு விழா காலையில். பட்டறைக்காரர் குடும்பமாக, குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் ஏணிக்குப் பக்கத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். மேடையில் கல்லூரி முதல்வர் அம்மா, நடுவில் முற்றுப்புள்ளி.

"இந்த எண்ணை எதுவும் வகுக்காது," என்றார். "இந்தத் துறையும் அப்படித்தான். யாராலும் பிளக்க முடியாது." கைதட்டல். "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார்.

இந்த வரிக்காக எத்தனை முறை கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருப்பேன்.

"சார், நூத்தி ஐம்பத்தொண்ணால வகுத்துப் பார்த்தீங்களா?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு மாணவர்கள் பக்கம் கைபேசிகள் வெளியே வந்தன. ஒரு பெண் கீச்சென்று, "ஐயோ, வகுபடுது!" இன்னொரு குரல், "மீதியே இல்லடா!" சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்வரிசைக்கு ஓடியது. முற்றுப்புள்ளி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். அந்த முகம் வெளுத்ததை நான் சாகிற வரைக்கும் வைத்துக்கொள்வேன். இனிப்பாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு இனிப்பு.

எவ்வளவு நேரம் நீடித்திருக்கும் அந்த இனிப்பு? குட்டி ஒரு தரம் கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம்.

அவர் திரும்பி ஏணிப் பக்கம் கையை நீட்டினார். "நான் குடுத்த எண் வேற. பட்டறைக்காரர் ஒரு இலக்கத்தை மாத்திப் போட்டிருக்கார். என்னய்யா, படிக்கத் தெரிஞ்ச ஆளை வச்சு வேலை செய்யக் கூடாதா? அவ்வளவுதான்."

கூட்டம் முழுக்க இவர் பக்கம் திரும்பியது. அதே சிரிப்பு, இப்போது இவர் மேல். இவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு இலக்கமாக உதடு அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

நூற்றைம்பத்தொன்று எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கிறார். முகத்தில் கண்டேன், யோசித்து முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார். "எப்போலேர்ந்து தெரியும்?"

"தாளைக் காட்டினீங்களே, அன்னைக்கே."

"நான் சுழியத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தப்போ?"

"தெரியும்."

"சரி," என்றார். அவ்வளவே. சத்தம் போட்டிருக்கலாம். ஏன் போடலை? போட்டுத் தொலைச்சிருக்கலாம் இல்ல?

மார்ச் 25, செவ்வாய்

துணிக்கடைக்காரர் கொடுத்திருந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எங்க கடைப் பேரையாவது எழுத்துக்கூட்டிப் போடுவீங்களான்னு பயமா இருக்குப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். இவர் என்னிடம் சொல்லவில்லை. குட்டியிடம் சொன்னார், நான் கேட்கிற தூரத்தில். பாயைச் சுருட்டிக்கொண்டு பட்டறையிலேயே படுக்கப் போய்விட்டார்.

என்னைத் திட்டினால் தேவலை. அந்த ஆள் என்னிடமிருந்து கையேட்டைத்தான் எடுத்தான். இவரிடமிருந்து கையையே எடுத்துவிட்டான். எடுத்துக் கொடுத்தது யார்? நான்.

இரு, முற்றுப்புள்ளி. இன்னும் முடியவில்லை.

மார்ச் 27, வியாழன்

குட்டியைத் தூக்கிக்கொண்டு முதல்வர் அம்மாவின் அறைக்குப் போனேன். வேதியியல்காரர்; கறாரான பெண்மணி. முற்றுப்புள்ளியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். குட்டி அவர் மேஜைச் சாவிக்கொத்தை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தாள். "கடிக்கட்டும், நீ சொல்லு," என்றார்.

"மேடம், ஒரே ஒரு கேள்விதான். இவர் புத்தகத்தில் நாலாவது பயிற்சி நிரல் இருக்கு. சுவர்ல இருக்கிற எண்ணை அதுல போடச் சொல்லுங்க."

முற்றுப்புள்ளி போட்டார். திரையில் வந்தது: பகா எண்.

முதல்வருக்குக் குழப்பம். "ஆனா வகுபடுதே?"

"வகுபடும். இந்த நிரல் இரண்டாயிரத்து ஐந்நூறு கோடிக்குள்ள ஒரே ஒரு எண்ணுகிட்டதான் ஏமாறும். அது இதுதான். என் வீட்டுக்காரர் கை தவறியிருந்தா கிட்டத்தட்ட தொண்ணூறு விதமா ஒரு இலக்கம் மாறியிருக்கலாம். அத்தனையையும் விட்டுட்டு, அந்த ஒரே பொய் மேல போய்ச் சரியா விழுந்தாராமா? அந்தப் பொய் இந்தப் புத்தகத்துப் பட்டியல்லயே, 'பகா எண்கள்'ங்கிற தலைப்புக்குக் கீழ, அப்படியே இருக்கு, பாருங்க."

முதல்வர் பக்கத்தைப் புரட்டினார். இருந்தது.

"சார், நீங்க குடுத்த எண் வேறன்னா அது எதுன்னு சொல்லுங்க. இப்பவே வகுத்துப் பார்த்துடலாம்."

அவர் வாயைத் திறந்தார். "அது வந்து... கோப்புல..." என்றார். "அவ்வளவுதான்" வரவேயில்லை. காத்திருந்து பார்த்தேன், வரவேயில்லை.

"ஒரு இலக்கமும் மாறலை, மேடம். நான் எழுதின அஞ்சாவது பயிற்சியை வெட்டினவருக்கு நாலாவது பயிற்சி புரியலை. நடந்தது அதுதான்."

"நீ எழுதினதா?" என்றார் முதல்வர் அம்மா. முற்றுப்புள்ளியைப் பார்த்து, மெதுவாக, "அவங்க எழுதினதா?"

அவர் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவரை முறைக்காத ஒரே ஆள் அவள்தான்.

கிளம்பும்போது முதல்வர் கேட்டார், "சுவர்ல இருக்கிறதைக் கழட்டிடலாமா?"

என் வாயில் தயாராக இருந்தது பதில்: கழற்றாதீர்கள். கீழே இன்னொரு வரி சேருங்கள், 151 × 751 × 28351 என்று, அதே எவர்சில்வரில். வேலைக்கு வருகிற ஒவ்வொரு காலையும் அந்த ஆள் அதற்கு அடியில் நுழைந்து போகட்டும், ஓய்வுபெறுகிற நாள் வரைக்கும்! சொல்லியும்விட்டேன். முதல்வர் அம்மா சிரித்தே விட்டார். "அருமை. பட்டறையிலயே சொல்லிடவா?"

அப்போதுதான் உறைத்தது. அதை வெட்டப்போவது யார் கை?

"நான் கேட்டுட்டுச் சொல்றேன், மேடம்," என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

கல்லூரியிலிருந்து பட்டறை முகவரிக்குக் கடிதம். எண்ணிலிருந்த பிழை துறையுடையது, பட்டறையின் வேலையில் குறையில்லை, வருந்துகிறோம். நகல் துணிக்கடைக்காரருக்கும் போயிருக்கிறதாம். அது வானொலி அக்காவின் உபயமாக இருக்கும். அவளே போனில் முழு ஒலிபரப்பும் செய்தாள்: முற்றுப்புள்ளி தலைவர் பதவியிலிருந்து இறங்கிவிட்டார், புத்தகம் என் பெயரோடு, ஐந்தாவது பயிற்சியோடு திரும்ப அச்சாகிறது. "ஆளு காபி குடிக்கவே வெளிய வர்றதில்லடி. இப்ப திருப்தியா?"

திருப்திதான். நூற்றுக்கு நூறு. அதில் சந்தேகமே இல்லை.

இவர் கடிதத்தைப் படித்தார். மடித்து வைத்தார். "நல்லது," என்றார். பாயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றைக்கு எழுதுவது எனக்கு இல்லை. உங்களுக்கு.

நேரில் பேச வந்தால் நீங்கள் குட்டியோடு பேசுகிறீர்கள். அதனால் இதைச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பட்டறைக்குக் கொண்டுவந்து வைக்கிறேன். முதலிலிருந்து படியுங்கள். எதையும் கிழிக்கவில்லை. அந்த ஆளை நான் வெறுத்ததெல்லாம் இருக்கும். இப்பவும் வெறுக்கிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். உங்கள் கையை உங்களைக் கேட்காமல் எடுத்து அவன் மேல் எறிந்தேன் இல்லையா, கேட்பது அதற்குத்தான். அந்தச் சுழியத்தின் உள்பக்கம் ஒரு தடம்கூடத் தெரியவில்லை. போய்க் கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

கல்லூரியில் கீழ்வரி ஒன்று சேர்க்கக் கேட்கிறார்கள். யோசனை என்னுடையது, எதற்காகச் சொன்னேன் என்பதும் மேலே இருக்கிறது. செய்தால் இந்த முறை சுவரில் நிற்பது உண்மையாக இருக்கும். வேண்டாமென்றால் பத்து இலக்கத்தையும் கழற்றச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்கிறபடிதான். முதல்வர் அம்மாவுக்குத் திங்கட்கிழமைக்குள் தெரிய வேண்டுமாம்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.